பெண்ணின் தகப்பனார்

மார்ச் 4

அச்சகத்தில் ஓசியாகக் கொடுத்த டைரி. ஜனவரியிலேயே கொடுத்தார்கள், இரண்டு மாதம் பிரிக்காமல் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி, அதுவும் வளைந்து நெளிந்து கண்ணைக் குத்தும் ஓர் எழுத்துருவில். வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஐம்பத்து நான்கு வயதில் டைரி ஆரம்பிக்கிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பார்கள். எனக்கு வேலை இருக்கிறது. புத்தக அட்டை, கல்யாண அட்டை, ஊறுகாய் லேபிள், எது வந்தாலும் டிசைன் செய்வேன். ராயப்பேட்டையில் இந்த ஒரே அறைதான் வீடு, ஆபீஸ் எல்லாம். கண் மழுங்கிக்கொண்டு வருகிறது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தினமும் ஒரு வடிவம், ஒரு சத்தம், ஒரு படம். சொந்தக் கதை எழுதக் கூடாது.

வடிவம்: தெருமுனை இளநீர் வண்டி. அட்டையில் சுண்ணாம்பால் எழுதியது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துவிட்டார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் எனக்கு அந்தத் தைரியம் வராது.

சத்தம்: எதிர்வீட்டு மிக்ஸி. சட்னி அரைய அரைய சுருதி ஏறிக்கொண்டே போய்ப் பஞ்சமத்தில் நின்றது.

படம்: மொட்டை மாடிக் கொடியில் ஒரே ஒரு சட்டை. என்னுடையதுதான். வெயில் நன்றாக விழுந்திருந்ததால் எடுத்தேன்.

மார்ச் 5

வடிவம் இல்லை. சத்தம் இல்லை. படம்: வடை சுற்றிய பேப்பரில் எண்ணெய் பரவிய விதம். பார்த்துக்கொண்டே இருந்ததில் வடை ஆறிவிட்டது.

மார்ச் 9

கவிநிலாவிடமிருந்து மெசேஜ்.

என் மகள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு இரண்டு மெசேஜ் வரும், என் பிறந்த நாளுக்கு ஒன்று, தைப் பொங்கலுக்கு ஒன்று. இது இரண்டும் இல்லாத நாள். அதனால் திறக்கும்போதே பயமாக இருந்தது.

'அப்பா, எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்குங்க. மே 29, கோபியில. மாப்பிள்ளை பேரு ஹரிபிரசாத், கரூர். கார்டு நீங்க டிசைன் பண்ணித் தர முடியுங்களா? மேட்டர் மாமா அனுப்புவாங்க.'

மேட்டர் என்றால் கார்டில் அச்சாக வேண்டிய வாசகம். மாமா என்றால் அவளுடைய தாய்மாமன், தங்கமுத்து. பதினோரு வருஷமாக அந்த ஆளும் நானும் பேசியதில்லை.

இன்று மூன்றும் எழுத மறந்துவிட்டேன்.

மார்ச் 10

ஆறு விதமாகப் பதில் எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: 'சரி அம்மிணி. பண்ணிடலாம்.'

அனுப்பிய பிறகு அந்த முற்றுப்புள்ளி உறுத்தியது. ரொம்ப விறைப்பாக இருக்கிறது. வாழ்த்துச் சொல்லவே இல்லை என்பது அதற்கும் பிறகுதான் உறைத்தது.

மார்ச் 13

மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். ஏதோ அணைக்கட்டு, சாயங்காலம். வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. எடுத்தவன் விவரமானவன், முகம் இருட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். தண்ணீரின் கோடு இருவரின் தோளுக்கும் கீழே போகிறது, கழுத்தை வெட்டவில்லை.

இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பையனைப் பார்த்தேன். அவனுக்கும் பிறகு அவளை. வெட்கக்கேடு.

கோகிலா ஒருமுறை சொன்னாள், "ஊர்ல இருக்கற எழுத்தையெல்லாம் நின்னு பாக்கறீங்க. ஊட்ல இருக்கற மூஞ்சியப் பாக்கறதில்ல." அன்றைக்கு அவளோடு சண்டை போட்டேன். கோகிலா என் மனைவி. சட்டப்படி இன்றைக்கும் அப்படித்தான்.

சொந்தக் கதை எழுதக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதியவன் நான்தான்.

சத்தம்: மேல்மாடிப் பெண் வயலின் பழகுகிறாள். மோகனத்தில் ஏறும்போது சரியாக இருக்கிறது, இறங்கும்போது தடுக்கி விழுகிறாள்.

மார்ச் 18

போனில் பேசினாள். கார்டு விஷயமாகத்தான். என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். நீலம் என்றேன் தைரியமாக. சிரித்துவிட்டாள். நீலம் எட்டாவது படிக்கும்போது பிடித்ததாம். இப்போது எலுமிச்சம்பழ மஞ்சளாம்.

அவள் எட்டாவது முடித்து ஒன்பதாவது போன வருஷம்தான் நான் சென்னைக்கு வந்தேன்.

மார்ச் 19

நேற்று சாயங்காலமே மஞ்சள் தேடி ஊரைச் சுற்றினேன். ஆட்டோ மஞ்சள் இல்லை, அது கத்தும். மளிகைக் கடைத் தூள் மஞ்சள் இல்லை, அது மூக்கில் ஏறும். ஜாம்பஜார் சந்தையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி மேசையில் வைத்து, இன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கொரு படம் எடுத்தேன். அதில் ஒரு பழம்தான், அதுவும் பத்து மணிப் படத்தில், சரியாக வந்தது. பச்சை கொஞ்சம் தங்கிய மஞ்சள். மற்ற மூன்றையும் பிழிந்து குடித்துவிட்டேன்.

மார்ச் 22

இவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து பல வருஷமாயிற்று. எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

கார்டின் ஓரத்துக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வழக்கமான மயிலும் வாழைமரமும் போட எனக்கு இஷ்டமில்லை. பழைய ஒரு வீட்டு ஜன்னல் கம்பியில் கொடி வேலை இருந்தது, ஆனால் ரொம்பக் கனம். மதியம் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வைத்தேன், ஆனந்த பைரவி. வாசிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களைப் பென்சிலால் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். மூன்று புள்ளி, ஓர் இடைவெளி, ஐந்து புள்ளி, ஓர் இடைவெளி. பார்த்தால் கட்டிய பூச்சரம்! ஓரம் கிடைத்துவிட்டது. அறையில் தனியாக நின்று கை தட்டினேன்.

இந்த ஸ்பீக்கரை வாங்கியது நான் இல்லை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

மார்ச் 24

கார்டு முக்கால்வாசி முடிந்தது. மேட்டர் வராததால் பெயர்கள் வரும் இடத்தில் வெறும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

எத்தனை கல்யாணக் கார்டு செய்திருப்பேன், ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான். மேலே சாமி, பிறகு தாத்தா பாட்டி, பிறகு பெண்ணின் பெயர், அதற்கு அடுத்த வரியில் இன்னாரின் மகள். அந்த வரியை நான் கண்டுகொண்டதே இல்லை. கிளையன்ட் கொடுப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்விடுவேன். இப்போது அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வருமா? மறைத்துப் பேசி என்ன, எனக்கு அதுதான் வேண்டும். மேடையில் உட்காரவைக்க வேண்டாம், முன் வரிசை நாற்காலி வேண்டாம். கவிநிலா இன்னாரின் மகள் என்று அச்சில் ஒரு வரி. கார்டு செய்யச் சொல்லி அவளே கேட்டிருக்கிறாள், வராமலா போகும்?

மார்ச் 27

மேட்டர் வரவில்லை.

மார்ச் 30

மேட்டர் வரவில்லை. இன்றைய வடிவம், சத்தம், படம் மூன்றும் போன்தான்.

ஏப்ரல் 2

வந்துவிட்டது, வந்துவிட்டது!

தங்கமுத்து மச்சான் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் மேட்டர். வரி வரியாகப் போனேன். என் பெயர் இருக்கிறது. 'சென்னியப்பன் – கோகிலா அவர்களின் மகள்'. இருக்கிறது. ஆனால் முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிறது.

ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். தெய்வத்திரு என்பது செத்துப்போனவர் பெயருக்கு முன்னால் போடுவது. மேட்டரை மறுபடி மேலிருந்து பார்த்தேன். மண்டபத்தின் பெயர் தப்பு. கவிநிலா சொன்ன மண்டபம் வேறு, இதில் இருப்பது மச்சான் போன வருஷம் தன் மகனுக்குக் கல்யாணம் செய்த மண்டபம். அந்தக் கார்டின் மேட்டரிலேயே பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார் மனிதர். தொழிலில் நான் தினமும் பார்க்கிற கூத்து இது. பழைய கார்டில் ஏதோ ஒரு செத்தவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் வந்து விழுந்திருக்கிறது, அடைமொழி அப்படியே தங்கிவிட்டது.

மண்டபத்தைத் திருத்தினேன். தெய்வத்திருவை எடுத்துவிட்டுத் திரு போட்டேன். இரண்டு நிமிஷ வேலை. என் பெயருக்கு நல்ல எழுத்துரு தேர்ந்தெடுத்தேன், பெண்ணின் பெயரைவிடச் சின்னதாக, மாப்பிள்ளையின் அப்பா பெயர் அளவுக்குச் சரியாக. எழுத்தளவில் ஒரு புள்ளி கூடுதலாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

கவிநிலாவுக்குப் புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரி, அனுப்பிவிட்டேன். மெஸ்ஸில் இரண்டு காபி குடித்தேன்.

ஏப்ரல் 4

கவிநிலா கூப்பிட்டாள். கார்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். மஞ்சள் அவள் மனதில் நினைத்த அதே மஞ்சளாம். எப்படிப்பா கண்டுபிடித்தீர்கள் என்றாள். எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன். சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

"மண்டபம் மாத்துனீங்கல்ல, அது சரிங்கப்பா. மாமா தப்பா அனுப்பிட்டாங்க."

"இன்னொண்ணும் இருந்துது அம்மிணி. அதையும் எடுத்துட்டேன்."

"அது தப்பில்லீங்கப்பா."

அவளே விஷயத்தைச் சொன்னாள். கரூர்க்காரர்களிடம் அப்பா இல்லை என்று சொல்லித்தான் பேச்சே ஆரம்பித்ததாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டதாக. அப்பா விட்டுவிட்டுப் போனவர் என்று உள்ளதைச் சொன்னதில் அதற்கு முந்தைய இரண்டு வரனும் தட்டிப்போனதாம். மூன்றாவதற்கு மாமாவே அப்படிச் சொல்லிவிட்டார், அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

அப்படியானால் கார்டை ஏன் என்னிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணுல நீங்க இருக்கணும்னு தோணுச்சுங்கப்பா," என்றாள். அழுதாள். நானும் அழுதேன், சத்தம் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு.

ஏப்ரல் 5

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7

மனசு கொதிக்கிறது. உயிரோடு இருக்கிறவனைச் சாகடித்துவிட்டு அவனையே கார்டும் அடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது? கரூருக்கே நேரில் போய், நான்தான் ஐயா பெண்ணின் தகப்பன், குத்துக்கல் மாதிரி நிற்கிறேன் பாருங்கள் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? பஸ் நேரம்கூடப் பார்த்துவிட்டேன்.

பதினோரு மணிக்குத் தங்கமுத்து மச்சானையே கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்கியபோது நிதானமாகச் சொன்னார்.

"மாப்ள, எங்கய்யன் செத்தப்ப ஆள் அனுப்புனோம், தந்தி மாதிரி நாலு மெசேஜ் போட்டோம். மருமகன் செய்யற சீருக்கு நீங்க வரல. மூணு நாள் பாத்துட்டு, கோகிலா அன்னைக்கே கழுத்துல கெடந்ததக் கழட்டி வெச்சுட்டா. எட்டு வருசமா பொட்டு வெக்கறதில்லீங். கல்யாணத்துல அவ ஓரமாத்தான் நிக்கப்போறா, பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கறது நானும் என் ஊட்டுக்காரியும். இதுல உங்களச் சாகடிச்சது நாங்களா?"

நான் போனை வைத்தேன். அவர் வைக்கும் முன்னால் வைத்தேன்.

ஏப்ரல் 8

பொட்டு வைப்பதில்லையாம்.

கோகிலா வைப்பது சாந்துப் பொட்டு. குச்சியால் வைப்பாள், கண்ணாடி பார்க்காமல், ஒரு நூல் இப்படி அப்படிப் போகாது. கோகிலாவின் முகத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த வட்டம்தான். மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கிறது.

ஏப்ரல் 11

மாமனார் இறந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஹம்பியில் இருந்தேன். கல்தூண்களைப் படம் எடுக்க. தனியாக இல்லை. சாருலதா என்று ஒருத்தி, விளம்பர கம்பெனியில் வேலை செய்தவள், அந்த ஸ்பீக்கர் அவள் வாங்கியது. மெசேஜ்களைப் பார்த்தேன். நாலையும் பார்த்தேன். மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று தங்கிவிட்டேன். மூன்று வருஷம் அவளோடு இந்த அறையில் இருந்தேன், பிறகு அவளும் போய்விட்டாள். போகும்போது அவள் சொன்னதும் ஏறத்தாழ கோகிலா சொன்னதுதான்.

அந்த ஹம்பிப் படங்களை யாரும் அச்சிடவில்லை. ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. இன்று திறந்து பார்த்தேன். சுமாரான படங்கள்.

ஏப்ரல் 12

பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்த்தேன். வரி நீண்டுவிட்டது. எழுத்தை ஒரு சுற்றுக் குறைத்து, நடுவில் நிறுத்தி, கோகிலாவின் பெயருக்கு முன்னால் மூச்சுவிட இடம் கொடுத்தேன். வரி நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஒரு தகப்பனாகச் செய்ய என்னிடம் மீதம் இருந்தது இந்த ஒரு வேலைதான், அதைப் பிசகில்லாமல் செய்தேன்.

அவளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடும் கை மட்டும் வந்தது.

ஏப்ரல் 21

அச்சகத்தில் காலையிலிருந்து நின்றேன். மெஷினில் மஞ்சள் முதலில் ஓடும். முதல் இருநூறு தாளைக் கழித்துப் போடச் சொன்னேன், மெஷின்காரர் முறைத்தார். யார் வீட்டுக் கல்யாணம் சார், இந்தப் பாடு படுத்துறீங்க என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று சொன்னேன்.

சத்தம்: தாள் விழும் சத்தம். ஒவ்வொன்றிலும் நான் ஒருமுறை விழுந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24

கார்டுகள் கோபிக்குப் போய்விட்டன. எனக்கென்று ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன். அழைப்பு இல்லாத அழைப்பிதழ்.

மே 3

கவிநிலா கூப்பிட்டாள். கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியாம். தகப்பன் இல்லாத பெண், மேடையில் அவர் படத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தாலி கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"ஊட்ல உங்க படம் ஒண்ணுகூட இல்லீங்கப்பா. அம்மா கிழிச்சுப் போட்டாங்கன்னு நெனைக்காதீங்க. ஆல்பத்துல தேடுனேன். எதுலயும் நீங்க இல்ல. எல்லாத்தையும் நீங்கதானே எடுத்தீங்க."

எட்டு வருஷத்துக்கு முந்தைய முகமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வயதாகியிருக்கக் கூடாது. என்னிடமும் படம் இல்லை. செய்து அனுப்புகிறேன் என்றேன்.

மே 5

கீழே டெய்சியின் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிறவள், ஆறு வருஷமாகத் தெரியும், பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். போய் உட்கார்ந்தேன்.

பாஸ்போர்ட்டா என்றாள். இல்லை, பெரிசாக, சட்டம் போட என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லா கீற மனுஷன் இப்பவே எதுக்கு சார் இந்த மாதிரி படம் எடுக்கறீங்க, வீட்டுக்கு ஆவாது என்றாள். என் பெண்ணுக்குக் கல்யாணம், அதற்கு என்று சொன்னேன். இந்த ஊரில் முதல் ஆளாக அவளிடம்தான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப சிரிங்க சார். பொண்ணு பாக்கப்போவுது இல்ல?"

சிரித்தேன். சரியாக வரவில்லை. பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். கவிநிலா என்று சொன்னபோது எடுத்துவிட்டாள். கெட்டிக்காரி.

மே 7

இரண்டு நாளாக என் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களின் செத்துப்போன அப்பாக்களுக்கு எத்தனையோ முறை செய்திருக்கிறேன், கைப்பழக்கம்தான். முடியைக் கறுப்பாக்கினேன், கண்ணுக்குக் கீழே பையை எடுத்தேன், கழுத்துச் சுருக்கத்தை எடுத்தேன். பின்னால் வெளிர்நீலம்.

எட்டு வயது குறைந்து நாற்பத்தாறு வயதுக்காரன் திரையில் வந்து நின்றான். ஹம்பிக்குப் போனவன். மாமனார் செத்த செய்தியைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தவன். அவனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கும்பிடப்போகிறார்கள் அவனை.

கண் ஓரத்து ரேகைகளை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அவள் பெயரைச் சொன்னபோது விழுந்த ரேகைகள். வயது கொஞ்சம் கூடித் தெரிகிறது, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மே 22

'படம் வந்தது.'

கோகிலாவிடமிருந்து. சட்டம் போட்டு நான் பார்சலில் அனுப்பியதைச் சொல்கிறாள். பதினோரு வருஷத்தில் முதல் மெசேஜ். இரண்டே வார்த்தை. பதில் எழுதலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். 'மன்னிச்சிரு' என்று அடித்தேன். செத்தவனிடமிருந்து இது எதற்கு அவளுக்கு? அழித்துவிட்டேன்.

மே 28

இன்று பெண்ணழைப்பு. மேல்மாடிப் பெண் மோகனத்தில் தடுக்காமல் இறங்கிவிட்டாள். வடிவமும் படமும் தேடவில்லை.

மே 29

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். நாலரைக்குக் குளித்தேன். வேட்டி புதிது, நானே வாங்கியது. ஆறு மணிக்குக் கிழக்கே பார்த்து நின்றேன். எந்த நிமிஷம் தாலி ஏறும் என்று தெரியாதே, அதனால் ஏழரை வரைக்கும் நின்றேன். கையில் அரிசி இருந்தது. எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை, கடைசியில் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். புறா தின்றது.

பத்து மணிக்கு ஒரு படம் அனுப்பினாள். மேடை, ஓரத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் நான், மாலை போட்டு, நெற்றியில் சந்தனம். அவள் குனிந்து கும்பிடுகிறாள். பின்னால் தூணோரம் வெள்ளையில் சின்ன பார்டர் போட்ட புடவையில் ஒருத்தி நிற்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். கோகிலாவேதான். நெற்றி வெறுமையாக இருக்கிறது. என் படத்தைப் பார்க்கவில்லை, பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போன். கவிநிலா. காரில் கரூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காற்றுச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். கல்யாணப் பெண் கேட்கிறாள்.

சாப்பிட்டேன் அம்மிணி என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள், பக்கத்திலிருந்து மாப்பிள்ளை யார் என்று கேட்பது எனக்கும் கேட்டது. ஒரு விநாடி காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"நம்ம கார்டு டிசைன் பண்ணுனவருங்க," என்றாள்.

அட, கொடு கொடு என்று அவர் போனை வாங்கிக்கொண்டார். நல்ல குரல், அவசரமில்லாத குரல். "சாருங்களா? வணக்கமுங்க. கார்டு அருமையா இருந்துச்சுங்க சார். எங்க ஊர்ல எல்லாருமே எங்க அடிச்சதுன்னு கேக்கறாங்க. அந்த மஞ்சள் இருக்குதுங்களே, எங்கம்மா ஒண்ண எடுத்துப் பீரோல பத்திரமா வெச்சுட்டாங்க."

சந்தோஷம் தம்பி என்றேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், அவளை நல்லா பாத்துக்குங்க என்றேன். கார்டு அடித்தவன் சொல்கிற வார்த்தையா இது? அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டிப்பாங்க சார் என்றார்.

"இவ்வளவு பண்ணிக் குடுத்துட்டு நீங்க கல்யாணத்துக்கு வராம இருந்துட்டீங்களே சார். வந்திருக்கலாமுங்க. நாங்க சந்தோசப்பட்டிருப்போம்."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"வெச்சிடறேனுங்க சார்," என்றாள் என் மகள்.